தலைக்குமேல் ஒரு விளக்கு

பள்ளி விடுமுறை நாள்களில் ஈப்போவின் குடியிருப்புப் பகுதிகளில் இப்படியொரு காட்சியைக் காண்பது அரிதன்று. வரவேற்பறையில் ஒரு சிறுவன் திரைமுன் அமர்ந்து காணொளி விளையாட்டில் மூழ்கியிருக்கிறான். அவன் இயக்கும் வீரன், குகை வாயிலில் நிற்கும் பூதத்திடம் நான்காம் முறையாகத் தோற்றுவிட்டான். பக்கத்தில் இருக்கும் நண்பன் மெல்லச் சொல்கிறான்: “அது மந்திரம் போடும்போது தடுக்காதே. ஒரு தடவை அடியை வாங்கிக்கொள். அப்புறம் பார்.” சிறுவன் அரைமனத்தோடு அப்படியே செய்கிறான். வீரன் துவண்டு விழப் பார்க்கிறான்; ஆனாலும் உயிரோடு தப்பிவிடுகிறான். சண்டை முடிந்ததும் திரையில் ஒரு வரி தோன்றுகிறது. பூதத்தின் மந்திரம் இப்போது வீரனுக்கும் தெரியும்!

இவ்வகை விளையாட்டைப் பாத்திர விளையாட்டு என்பர். விளையாடுபவர் ஒரு கதைமாந்தரை ஏற்று, ஊர் ஊராக அலைந்து, பகைவரோடு மோதி, புதிய திறன்களையும் மந்திரங்களையும் கற்றுக்கொண்டே செல்கிறார். இதன் வேர் கணினியில் இல்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு வெளிவந்தது. தாள், பென்சில், பகடை ஆகியவையே அதற்குத் தேவை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருள் ஒருவர் கதையை நடத்துவார். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் கேட்டும் தட்டியும் துழாவியும் கண்டுபிடிக்க வேண்டும். பின்னாளில் அந்த நடத்துநரின் இருக்கையில் கணினி வந்து அமர்ந்தது. அவர் மடியில் மறைத்து வைத்திருந்த வரைபடம் நிரலுக்குள் இடம் மாறியது, அவ்வளவுதான். ஆகவே, மறைத்து வைப்பது பாத்திர விளையாட்டின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம்.

மறைக்கும் முறைகள் பல. நண்பன் சொல்லிக் கொடுத்தது அவற்றுள் ஒன்று. 1992இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 5’ விளையாட்டில் ‘நீல மந்திரவாதி’ என்ற பாத்திரம் உண்டு. மற்ற மந்திரவாதிகள் கடையில் காசு கொடுத்து மந்திரம் வாங்கலாம். நீல மந்திரவாதிக்கு அந்த வசதி இல்லை. பகைவன் ஏவும் மந்திரத்தைத் தன் உடலில் தாங்க வேண்டும். சண்டை முடியும்வரை உயிரோடும் இருக்க வேண்டும். அப்போதுதான் அம்மந்திரம் அவனுக்கு வசமாகும். எந்தப் பகைவனிடம் எது இருக்கிறது என்று யாரும் பட்டியல் தருவதில்லை. அதனால், ஓடி ஒளிய வேண்டிய இடத்தில் நின்று பார்க்கும் துணிவு விளையாடுபவருக்கு வந்துவிடுகிறது. தோல்விகூட அங்கே ஒரு செய்தியாகிவிடுகிறது.

அதே வரிசையில் 1988இல் வந்த இரண்டாம் விளையாட்டு வேறொரு வழியைப் பிடித்தது. வாளை அடிக்கடி எடுத்தவன் வாளில் தேறுவான். மந்திரத்தை அடிக்கடி ஓதியவனுக்கு அந்த மந்திரம் வலுவாகும். அடிபட்டால் உடல்வலிமை கூடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், விளையாட்டாளர்கள் சும்மா இருப்பார்களா? தம் அணியினரைத் தாமே அடித்து வலிமையை ஏற்றிக்கொள்ளும் குறுக்குவழியைச் சிலர் கண்டுபிடித்துவிட்டனர். உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்க்காத ‘மறைதிறன்’ அது.

அந்த விளையாட்டை வடிவமைத்தவர்களுள் ஒருவரான அகிதோஷி கவாசு, பின்னர் ‘சாகா’ என்ற விளையாட்டு வரிசையைத் தொடங்கினார். அவ்வரிசையில் 1993ஆம் ஆண்டு வெளியான ‘ரொமான்சிங் சாகா 2’ இன்றளவும் பேசப்படுவதற்கு ஒரு சின்ன விளக்கே காரணம். சண்டை நடந்துகொண்டிருக்கும். வீரன் வழக்கமான வாள்வீச்சுக்காகக் கையை ஓங்குவான். திடீரென்று அவன் தலைக்குமேல் ஒரு மின்விளக்கு ‘பளிச்’ என்று எரியும். அடுத்த கணம், அதுவரை யாருமே பார்த்திராத ஒரு புதிய வீச்சு அவன் கையிலிருந்து வெளிப்படும். யாரும் கற்பிக்கவில்லை, எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஜப்பானியர் இதை ‘ஹிராமெக்கி’ என்கிறார்கள். மின்னலாய்த் தோன்றும் எண்ணம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

விளக்கு எரிவது முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தால் அன்று. எந்தப் பழைய வீச்சிலிருந்து எந்தப் புதிய வீச்சு பிறக்கும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் இயல்பாக வரக்கூடிய திறன்கள் வெவ்வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதிரில் நிற்பவனின் வலிமை. எளிய பகைவரையே ஆயிரம் முறை வெட்டிக்கொண்டிருந்தால் பெரிய வித்தைகளுக்கான விளக்கு எளிதில் எரியாது. தன்னைவிடப் பலசாலியின்முன் நிற்கும்போதுதான் வாய்ப்புக் கூடுகிறது. இந்தக் கணக்கு எதுவும் திரையில் தெரியாது. விளையாடுபவர் பல மணி நேரம் ஆடி, ‘இப்படிச் செய்தால் இப்படி நடக்கிறதே’ என்று தாமாகவே ஊகிக்க வேண்டியதுதான்.

தலையில் விளக்கோடு இருட்டில் நின்று வித்தை கற்றவர்கள் பேராக்கிலும் உண்டு. சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர்கள் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். அவர்கள் கற்ற திறனும் ஒரு காலத்தில் ஒளிந்திருந்ததுதான்.

தென்னமெரிக்காவின் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குப் போன விதைகளில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. மரம் வளர்ந்துவிட்டது, ஆனால், அதனிடமிருந்து பாலை எப்படிப் பெறுவது என்பது இங்கே யாருக்கும் சரிவரத் தெரியவில்லை. பிரேசிலில் கோடரியால் பட்டையைக் கொத்தி எடுத்தார்கள். அப்படிச் செய்தால் மரம் புண்பட்டு நாளடைவில் பயனற்றுப் போகும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வேறுவிதமாக வெட்டிப் பார்த்தார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு. அடுத்த முறை அதே கோட்டின் கீழ்விளிம்பில் மெல்லியதாக ஒரு சீவல். புதிய இடத்தில் வெட்டவில்லை. அப்போது ஒரு வியப்பு நிகழ்ந்தது. அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தபோது மரம் முன்னைவிட அதிகமாகப் பால் சுரந்தது! பயன்படுத்தப் பயன்படுத்த வலுக்கும் மந்திரத்தைப் போன்றதொரு குணம் மரத்துக்குள்ளும் மறைந்திருந்தது. ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரிட்லி முறையைக் கண்டார். அதைக் கையில் கொண்டுவந்தவர்களோ தோட்டத்து மக்கள். பால்வெட்டும் கத்தியை எவ்வளவு அழுத்துவது? பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மேலாகச் சீவினால் மங்கு நிறையாது. கொஞ்சம் ஆழமாகப் போனால் கத்தி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே வெட்டவே முடியாது. இரண்டுக்கும் இடையில் உள்ள அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே, நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரை விடாமல் காக்க வேண்டும். மேலிடப்புறத்திலிருந்து கீழ்வலப்புறமாகக் கோடு ஏன் சாய்கிறது? பால்குழாய்கள் மரத்தை நேராக ஏறாமல் சற்றே சுற்றி ஏறுகின்றன. எதிர்ப்பக்கமாகச் சாயும் கோடுதான் அவற்றுள் அதிகமானவற்றை வெட்டும். விடியற்காலையில் ஏன் வெட்ட வேண்டும்? வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் தாராளமாக ஓடும். காரணங்களைப் புத்தகம் இப்படி விளக்கலாம். கத்தி பிடித்த கைக்கு இவை சொற்களாகத் தெரிந்ததில்லை. பட்டை கொடுக்கும் எதிர்விசையாகவும் சீவும்போது எழும் ஓசையாகவும் தெரிந்தன. தாயோடு நிரைக்குப் போன பெண், தாயின் மணிக்கட்டைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் தலையிலும் ஒருநாள் இன்னொரு விளக்கு எரிந்திருக்கும்.

மீண்டும் விளையாட்டுக்கு வருவோம். மரத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். இயற்கை எதையும் வேண்டுமென்றே மறைப்பதில்லை. விளையாட்டில் மறைப்பவர் ஒரு மனிதர். கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்ற ஆசையோடுதான் அவர் மறைக்கிறார். எனவே, அவர் துப்புக் கொடுத்தாக வேண்டும். துப்பே இல்லாமல் மறைத்தால் அது புதிர் ஆகாது, வெறும் ஏமாற்று.

துப்பை அளவோடு கொடுத்த விளையாட்டுக்கு நல்ல சான்று 1987இல் வெளியான ‘டஞ்சன் மாஸ்டர்’. அதில் மந்திரங்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை, எழுத்துகள்தாம் உண்டு. மொத்தம் இருபத்து நான்கு குறியெழுத்துகள். முதல் எழுத்து மந்திரத்தின் வலிமையைக் குறிக்கும். அடுத்தடுத்து வருபவை அதன் தன்மையையும் வடிவத்தையும் தீர்மானிக்கும். எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்குவதுபோல மந்திரத்தை ஆக்க வேண்டும். தப்பாகச் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. பொருளற்ற முணுமுணுப்பு என்று விளையாட்டு சொல்லிவிடும். நிலவறைகளில் ஆங்காங்கே கிடக்கும் ஓலைச்சுருள்கள் சில மந்திரங்களை மட்டும் காட்டிக்கொடுக்கும். அவற்றைப் பார்த்தவர், ‘நெருப்புக்கு இந்த எழுத்தென்றால், அதோடு வேறொன்றைச் சேர்த்தால் என்ன வரும்?’ என்று தாமே முயன்று பார்ப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தை, பாடப்புத்தகத்தில் இல்லாத சொல்லைக் கடைப் பலகையில் படித்துவிட்டுக் குதிக்குமே, அந்த மகிழ்ச்சிதான் இது.

துப்பு இல்லாத இடத்தில் வதந்தி முளைக்கும். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் ‘போக்கிமோன்’ விளையாட்டின் முதல் இரு பதிப்புகள் வெளிவந்தன. 150 உயிரினங்களைச் சேகரிக்க வேண்டும் என்பதே விளையாட்டு. பணி முடியும் தறுவாயில், பிழை பார்ப்பதற்காக வைத்திருந்த நிரலை நீக்கியபோது விளையாட்டுப் பேழையில் மிகச் சிறிய இடம் மிஞ்சியது. நிரலர் ஷிகெகி மோரிமோட்டோ அந்த இடத்தில் ‘மியூ’ என்ற 151ஆவது உயிரினத்தைச் சேர்த்துவிட்டார். வழக்கமாக விளையாடும் எவராலும் அதைப் பிடிக்க முடியாது. ஆனாலும், நிரற்பிழைகளின் வழியாகச் சிலர் கண்ணில் அது பட்டுவிட்டது. செய்தி பரவியது. அதே ஆண்டில் ஒரு சிறுவர் இதழ் இருபது பேருக்கு மட்டும் மியூவை வழங்குவதாக அறிவித்தபோது ஏறக்குறைய 78,000 பேர் விண்ணப்பித்தனர். பிறகு, துறைமுகத்தில் நிற்கும் ஒரு லாரிக்கு அடியில் மியூ இருக்கிறது என்ற கதை நாடு நாடாகப் பள்ளி மாணவரிடையே உலவியது. எத்தனையோ பேர் அந்த லாரியைத் தள்ளிப் பார்த்தார்கள். அதன் கீழ் எதுவும் இல்லை. ஒன்று உண்மையாகவே மறைந்திருந்ததால்தான் பொய்யான இடத்திலும் மக்கள் தேடினார்கள்.

இத்தகைய ஒளிப்புக்கு இன்னும் முந்திய கதை ஒன்று உண்டு. அட்டாரி நிறுவனத்துக்காக வாரன் ராபினெட் என்ற நிரலர் ‘அட்வென்சர்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். அக்காலத்தில் அந்நிறுவனம் நிரலர்களின் பெயரை வெளியிடுவதில்லை. அவர் ஓர் இரகசிய அறையைக் கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு புள்ளியைக் கண்டெடுத்து உரிய இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். உள்ளே மந்திரமோ புதையலோ இல்லை. ‘இதைப் படைத்தவர் வாரன் ராபினெட்’ என்ற வரி மட்டும் இருந்தது. அவர் வேலையைவிட்டு விலகிய பிறகே ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். தம் உழைப்புக்குத் தம் பெயர் இல்லையே என்ற மனக்குறை அந்தப் புள்ளிக்குள் அவ்வளவு காலமும் காத்திருந்தது.

இன்று நிலைமை வேறு. திறன்பேசியில் விளையாட்டின் பெயரைத் தட்டினால் போதும். எந்தத் திறன் எங்கே, எந்த மந்திரத்துக்கு எந்த எழுத்து என்று எல்லாம் அட்டவணையாகக் கிடைத்துவிடும். இதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. ஈப்போச் சிறுவனின் நண்பனும் ஒரு வழிகாட்டிதானே? ஆயினும், அவன் பாதியைத்தான் சொன்னான்; மீதியைச் சிறுவனே செய்து பார்த்தான். அட்டவணை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ‘ரொமான்சிங் சாகா’வின் அட்டவணையை மனப்பாடம் செய்தவரும் வலிய பகைவனின்முன் போய் நிற்கத்தான் வேண்டும், ஆனால், விளக்கு எரியும்போது அவருக்கு வியப்பு இருக்காது.

தோட்டத்து வித்தைக்கோ அப்படி ஓர் அட்டவணையே இல்லை. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால்மரம் வெட்டிய பலர் குடும்பத்தோடு பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். மங்கும் காண்டா வாளியும் அருங்காட்சியகத்தில் இருக்கக்கூடும். ஒரு மில்லிமீட்டரை அறிந்த மணிக்கட்டு அங்கே இருக்காது. அது அதே வரவேற்பறையில், சிறுவனுக்குப் பின்னால் உள்ள நாற்காலியில் இருக்கலாம். “கத்தி ஆழமாகப் போய்விட்டால் எப்படித் தெரியும், பாட்டி?” என்று அவன் கேட்டால், “சத்தம் மாறும்யா” என்று சொல்லிவிட்டு, கையில் கிடைத்த அடிக்கோலால் காற்றில் ஒருமுறை சீவிக் காட்டுவார்.

விளையாட்டில் ஒளித்து வைத்தவர்கள் எல்லாரும் தொலைதூர நாட்டினர் என்று எண்ண வேண்டியதில்லை. 2016 நவம்பரில் உலகெங்கும் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 15’ விளையாட்டின் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவர் மலேசியரான வான் ஹஸ்மர். அதில் நான்கு நண்பர்கள் காரில் நாடு சுற்றுகிறார்கள். மந்திரங்களை அவர்கள் கடையில் வாங்குவதில்லை. நெருப்பு, பனி, மின்னல் ஆகியவற்றின் ஆற்றலை வழியில் திரட்டிக் குடுவையில் கலக்கிறார்கள். கூடவே என்ன பொருளைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மந்திரத்துக்குப் புதிய குணம் வருகிறது. நால்வருக்கும் தனித்தனித் திறன்: ஒருவன் மீன் பிடிக்கிறான், ஒருவன் நடக்க நடக்கக் காட்டுவாழ்வில் தேறுகிறான், ஒருவன் படம் பிடிக்கிறான். இக்னிஸ் என்பவன் சமைக்கிறான்.

இக்னிஸின் சமையற்குறிப்புகளும் மறைந்தே இருக்கின்றன. ஓர் உணவகத்தில் புதிய உணவைச் சுவைத்தபோதோ, வழியில் ஒரு காயைப் பறித்தபோதோ அவன் சட்டென்று நின்று, புதிய சமையல் ஒன்று தோன்றிவிட்டதாகச் சொல்வான். விளக்கு மட்டும்தான் இல்லை. மற்றபடி அதே கணம்தான். இரவில் கூடாரமடித்து அவன் சமைக்கும் உணவு, மறுநாள் சண்டைக்கு வலுவூட்டும். தட்டில் இருப்பது திரை நிறைய, ஆவி பறக்கத் தெரியும்.

அந்த உணவு வகைகளுக்குள் நாசி லெமாக்கையும் வான் ஹஸ்மர் நுழைத்துவிட்டார். பிறகு தாயகம் திரும்பி, 2017இல் ‘மெட்ரோனோமிக்’ என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தோக்கியோவிலோ பாரிசிலோ விளையாடுபவருக்கு அது பெயர் தெரியாத ஏதோ ஓர் உணவு. ஈப்போச் சிறுவனோ தட்டைப் பார்த்ததுமே விளையாட்டை நிறுத்திவிட்டுப் பாட்டியைக் கூப்பிடுகிறான்.